சைரன் சுவிட்சில் ஒரு பிளாஸ்திரி

தீயணைப்பு நிலையத்தில் அந்த டிரைவரை எல்லாரும் சங்கு என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டியை ஷெட்டிலிருந்து எடுக்கும்போதே சைரனை அலறவிட்டு, மலையையே உலுக்கி எழுப்பிவிட்டுத்தான் கிளம்புவான். மரத்தில் ஏறி மாட்டிக்கொண்ட பூனையை இறக்கப் போனாலும் அதே அமர்க்களம்தான்.

அதெல்லாம் நாலு சீசனுக்கு முந்தைய கதை. ஹோட்டல் முதலாளிகள் சங்கம் நிலையத்துக்குப் படையெடுத்து வந்தது. விருந்தினர்கள் அமைதியைத் தேடி மலையேறி வருகிறார்களாம். சைரன் கேட்டால் பயந்துபோய் அறையைக் காலி செய்கிறார்களாம். நிலைய அதிகாரி பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டினார். சீசன் முடியும்வரை அவர் உத்தரவில்லாமல் சைரன் கூடாது என்று ஆனது. நன்றிக்கடனாகச் சங்கம் ஒரு டீ மெஷின் வாங்கி வைத்தது.

முதல் வாரமே, பள்ளத்தில் உருண்ட வேனுக்காகச் சைரன் போட்டு மெமோ வாங்கினான் சங்கு. அதிகாரி முதலுதவிப் பெட்டியிலிருந்து பிளாஸ்திரி எடுத்து, சுவிட்சுக்குக் குறுக்கே ஒட்டினார். ஒரு மாதம் உள்ளுக்குள் குமுறினான். பிறகு மெஷின் டீயைக் குடித்துக் குடித்து ஆறிவிட்டான். சீசன் முடிந்தும் அந்த உத்தரவை யாரும் எடுக்கவில்லை. இந்த சீசன் தொடக்கத்தில் பிளாஸ்திரி பிய்ந்து தொங்கியபோது, யாரும் சொல்லாமலே புதுசு எடுத்து ஒட்டியவன் அவனேதான்.

சங்குவின் அக்கா பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். அவள் புருஷன் அங்கேயே பாய்லர் பார்ப்பவர். சங்குவுக்குப் பெண் பார்க்கிறேன் என்று ஊர் ஊராக அலைந்து செருப்பைத் தேய்த்த மாமா. ஹோட்டலுக்குப் பின்னால், விருந்தினர் கண்ணில் படாத சரிவில், தகரக்கூரை போட்ட தொழிலாளர் குடியிருப்பில் இருவரும் இருந்தார்கள்.

அன்று காலை பதினொரு மணிக்கு அந்தக் குடியிருப்பில் தீ என்று போன் வந்தது. சங்கு ஓடிப்போய் வண்டியை எடுத்தான். இரண்டு வளைவுகளைப் பறந்து கடந்தான். மூன்றாவது வளைவில் சுற்றுலா வேன்கள் வரிசையாக நின்றன. திடீரென்று பனி இறங்கியிருந்தது. ஆளாளுக்கு இறங்கிப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஹாரன் அடித்தான், வாயில் வந்ததையெல்லாம் திட்டினான். வீரர் ஒருவர் இறங்கி ஓடி, வேன் வேனாகக் கும்பிட்டு வழி கேட்டார். ஏழு நிமிடம் போனது. வண்டியில் இருந்த நாலு பேரில் ஒருவர் கைகூட அந்தச் சுவிட்ச் பக்கம் போகவில்லை. மெமோவுக்குப் பயந்து அல்ல. அப்படி ஒன்று வண்டியில் இருப்பதே யாருக்கும் நினைவில்லை. அதைத்தான் சங்குவால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

போய்ச் சேர்ந்தபோது பக்கத்து வீட்டுப் பெரியம்மா இருமிக்கொண்டு சந்தில் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில், ஹோட்டல் படுக்கை விரிப்பால் மூடி, மாமா கிடந்தார்.

"அந்தம்மா உள்ள மாட்டிக்கிச்சு," என்றாள் அக்கா. அழுகைகூட வரவில்லை அவளுக்கு. "வண்டி வந்துரும், பொறுங்கன்னு நான்தான் கையப் புடிச்சு நிறுத்தினேன். அவரும் நின்னாரு. சைரன் கேக்குதா, கேக்குதான்னு ரோட்டுப் பக்கமே காதைக் குடுத்துட்டு நின்னாரு. ஒண்ணும் கேக்கல. இனி எவனும் வரமாட்டான்னு என் கைய உதறிட்டுப் போயிட்டாரு. அந்தம்மாவ ஜன்னல் வழியா வெளிய தள்ளிட்டாரு. அதுக்குள்ள கூரை விழுந்துருச்சு. அடுத்த நிமிஷம் நீ வந்து நிக்கிற. ஏன் தம்பி, ஒரு சத்தமும் கேக்கலயே?"

"சைரன் ரிப்பேர்க்கா."

அவள் அவன் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். "நீ என்னடா பண்ணுவ. ஓட்டை வண்டியக் குடுத்து உன்னைய ஓட்டச் சொன்னா."

புருஷனைப் பறிகொடுத்தவள் அவனுக்கு ஆறுதல் சொன்னாள். அவனும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டான்.

மூன்று வாரம் கழித்து அக்கா நிலையத்துக்கே நடந்து வந்தாள். கையில் ஒரு மனு. குடியிருப்பில் அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெரியம்மா கைநாட்டு வைத்திருந்தார். சங்கு டீ மெஷின் பக்கத்தில் டம்ளரோடு நின்றவன் அப்படியே நின்றான்.

அதிகாரி படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "சைரனை ரிப்பேர் பண்ணணுமா? யாரும்மா சொன்னது? அது நல்லாத்தானே இருக்கு. ஏம்பா சங்கு, ஒரு தடவை போட்டுக் காட்டு. அவங்க மனசு ஆறட்டும்."

வண்டியில் ஏறினான். பிளாஸ்திரியை உரித்தான், அவன் ஒட்டியது, கெட்டியாகத்தான் ஒட்டியிருந்தது. சுவிட்சைப் போட்டான். நாலு வருஷம் அடக்கி வைத்த சத்தம் பள்ளத்தாக்கில் இறங்கி, எதிர் மலையில் மோதித் திரும்பி வந்தது. அணைத்த பிறகும் சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

உள்ளே போன் அடித்தது. ஏதோ ஹோட்டலாக இருக்கும். அதிகாரி பதறிக்கொண்டு உள்ளே ஓடினார்.

அக்கா மனுவை நாலாக மடித்தாள். கண் வண்டியின் மேல்தான் இருந்தது, தம்பியின் மேல் இல்லை.

"எங்க வீடு வரைக்கும் கேட்டிருக்கும், இல்ல?" என்றாள்.

சங்கு வண்டியைவிட்டு இறங்கவில்லை. அவள் பதிலுக்காக நிற்கவும் இல்லை.