இரண்டு விரல் தூரம்

றொஜரின் இடது கை மணிக்கு எட்டு யூரோ. வுச்சீரியாச் சந்தையில் அவனைக் கோப்பை கழுவ வைத்திருக்கும் சாப்பாட்டுக்கடைக்காரன் போட்ட விலை அது. அந்தக் கைக்கு நாளை காலை சத்திரசிகிச்சை. பிறகு விரல்கள் மடங்குமென்று டொக்டர் உறுதி சொல்லவில்லை. அதற்கு முன் தன் மெட்டைக் கிற்றாரில் பதிந்துவிடத்தான் விதுரனின் ஒலிப்பதிவு அறைக்கு வந்திருந்தான்.

விதுரன் கிற்றாரை ஸ்பீக்கர் பெட்டியில் கொழுவினான். பெட்டியின் துணிமேல் டோர்ச் அடித்து, உள்ளே சத்தம் எழுப்பும் கூம்பின் நடுவைத் தேடினான். மைக்கை நடுவில் வைத்தால் சத்தம் ஊசியாய்க் குத்தும். ஓரத்தில் வைத்தால் போர்வைக்குள் முனகும். பதிந்தபின் எந்த மெஷினும் அதை முழுதாய்த் திருத்தாது.

"நடுவிலையே வை மச்சான். மீன் விக்கிறவன் மாதிரிக் கத்தட்டும்," என்றான் றொஜர்.

மறுக்கப் பயந்து விதுரன் அப்படியே வைத்தான். பாதி மெட்டில் றொஜரின் சுண்டுவிரல் விறைத்து நின்றது.

"எப்பிடியடா வந்திருக்கு?"

நல்லாயிருக்கு என்று சொல்லித் தப்பியிருக்கலாம். "காது கிழியுது மச்சான். நான் அங்கை வைச்சது பிழை. இன்னொருக்கா ஏலுமே?"

"என்னட்டைக் கேக்காதை, கையைக் கேள்," என்று சிரித்த றொஜரின் முகம் வெளுத்திருந்தது.

விதுரன் மைக்கை இரண்டு விரல் ஓரமாக நகர்த்திச் சற்றே சரித்தான். இந்தக் கணிப்பும் தப்பினால் மூன்றாவது தடவைக்கு அந்தக் கை வராது. றொஜர் மறுபடி வாசிக்க, விதுரன் காதைக் கொடுத்துக் கேட்டான். கம்பியின் கனமும் விரலின் உரசலும் ஒன்றாக வந்தன. முடிவுக்கு ஒரு சுரம் இருக்கையில் சுண்டுவிரல் மறுபடி விறைத்தது.

"அதைச் சுகமாகி வந்து வாசிச்சுத் தாறன்," என்றான் றொஜர்.

வாசித்தது இரண்டு தடவை. கழிந்தது ஒன்று, தேறியது ஒன்று, கடைசிச் சுரம் பாக்கி.