ஏழாவது ஆட்டத்தில் ஒன்ஸ்மோர்

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் எழுத உட்கார்ந்தது இந்தக் கதையை அல்ல. ஒரே வாரத்தில் ஏழு நாடகம் பார்த்துவிட்டு, ரசிகனின் அபிப்பிராயம் என்று நாலு பக்கம் எழுதித் தருவதாக ஒரு பத்திரிகை நண்பரிடம் வாய்கொடுத்து மாட்டிக்கொண்டேன். ஆறு நாடகங்களை ஒரே மூச்சில் எழுதித் தள்ளினேன். 'ஒளியமைப்பு சிறப்பு', 'இரண்டாம் பாதி இழுவை' என்று எழுத என்ன கஷ்டம்? ஏழாவதில் பேனா நின்றுவிட்டது.

அந்த ஏழாவது நாடகத்தில் வயதான நடிகர் ஒருவர் ஒரு பாட்டுப் பாடினார். நாங்கள் கைதட்டி ஓயவில்லை. வேறு வழியில்லாமல் மறுபடியும் பாடினார். பாடும்போது அவருடைய இடது கை பக்கத்திலிருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டே இருந்தது. நடிப்பென்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டினேன். மறுநாள் 'ஆட்டம் ரத்து' என்று சுவரொட்டியின் மேல் ஒரு தாள். என்ன ஏதென்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் தெரிந்துவிடுமே என்று பயம்.

அதனால் அபிப்பிராயத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, எனக்குப் பதிலாக ஓர் ஆளை உண்டாக்கினேன். அவரை என் காலத்தில் வைக்கத் தைரியமில்லை. நாற்பதுகளில், தூத்துக்குடியில் கொண்டுபோய் வைத்தேன். பெயர் தொம்மை.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: 'கடல் கலங்கியிருந்தது. தொம்மையின் மனமும்...'

அடித்துவிட்டேன். கடல் கலங்கினால் சங்கு குளிப்பவருக்கு ஏன் மனம் கலங்க வேண்டும்? அவருக்கு அது லீவு.

அடுத்தது: 'முத்துக் குளிப்பு நின்று இருபது வருஷம் ஆகப்போகிற அந்தக் காலத்தில், சங்கு குளிப்பை மட்டுமே நம்பியிருந்த...' இது பள்ளிக்கூடப் பாடம். இதுவும் வேண்டாம்.

நேராகவே சொல்கிறேன். தொம்மைக்கு நாற்பத்திரண்டு வயது. சங்கு குளிக்கிறவர். அந்த வாரம் தண்ணீர் கலங்கி அடி தெரியாமல் போனதால் வள்ளங்கள் கரையேறிக் கிடந்தன. அதே வாரம் ஒரு நாடகக் கம்பெனி ஊருக்கு வந்து, தகரக் கொட்டகையில் திங்கள் முதல் ஞாயிறு வரை தினம் ஒரு நாடகம் போட்டது. தொம்மை ஒன்று விடாமல் தரை டிக்கெட்டில் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தார். கூடவே மைத்துனன் இஞ்ஞாசி.

(இஞ்ஞாசியைப் பற்றி ஒரு வார்த்தை. குளிப்பவர் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கும்போது வள்ளத்தில் கயிற்றைப் பிடித்திருப்பவர் பெரும்பாலும் மனைவியின் சகோதரனாகத்தான் இருப்பார். தன் கூடப்பிறந்தவள் தாலியறுப்பதை எந்த ஆண்பிள்ளை விரும்புவான்? கீழிருந்து ஒரு அசைவு வந்தால் உயிரைக் கொடுத்து இழுத்துவிடுவான் என்ற கணக்கு. தொம்மையின் கயிறு பத்து வருஷமாக இஞ்ஞாசியின் கையில் இருந்தது. இந்த வழக்கம் கதைக்குத் தேவை. இதை மறந்துவிடாதீர்கள்.)

3

காலை பத்து மணிக்குச் செந்தூர்பாண்டி அண்ணாச்சியின் காப்பிக் கிளப்பில் சபை கூடும். முந்தின நாள் நாடகத்தைப் பற்றித் தொம்மை என்ன சொல்கிறார் என்று கேட்பதற்காகவே துறைமுகத்து ஆட்கள் அந்தப் பக்கம் வருவார்கள்.

"மந்திரி வேசக்காரன் எப்படிவே?" என்று அண்ணாச்சி அடுப்படியிலிருந்து கத்துவார்.

"ராசா முன்னால பொய் சொல்லும்போது முட்டு ஆடுதுவே அவனுக்கு. வேணும்னே ஆட்டுதான். கெட்டிக்காரன்."

"ராணி?"

"ராணி நல்லாத்தான் அழுதா. ஆனா அழுகை கண்ணுல இருக்கு, தோள்ல இல்ல. புருசன் செத்தா தோளுல்லா மொதல்ல விழும்?"

சபை கிறங்கிப்போகும். 'நாம பாட்டைக் கேட்டுட்டு வந்தோம், இவன் ஆளையே பாத்துட்டு வந்திருக்கான்' என்று பேசிக்கொள்வார்கள். நான் எழுதிய ஆறு அபிப்பிராயங்களையும் சேர்த்து வைத்தாலும் அந்தத் தோள் விஷயத்துக்குக் கால் தூசி பெறாது. சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது, அந்த ஆளை உண்டாக்கியவனே நான்தான்.

4

இனி, தொம்மை யாரிடமும் சொல்லாததை நான் சொல்ல வேண்டும்.

அவருக்குக் காது கேட்காது. இரண்டு வருஷத்துக்கு முன்பு பத்துப் பாகம் ஆழத்தில் இடது காது வெடித்தது. வலது காதும் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துக்கொண்டது. ஊரில் ஒருவருக்கும் இது தெரியாது என்றால் நம்புவீர்களா? நம்பத்தான் வேண்டும். சங்கு குளிக்கிறவர்கள் எல்லோருக்குமே காது மந்தம். எல்லோரும் எல்லோரிடமும் கத்தித்தான் பேசுவார்கள். அந்தக் கூச்சலில் ஒருவருக்குச் சுத்தமாகக் கேட்காமல் போனதை யார் கண்டார்கள்? உதட்டைப் பார்த்துப் பதில் சொல்லிக் காலத்தை ஓட்டினார். மனைவி கிருபைக்கு மட்டும் தெரியும்.

"காது போனா என்ன, குளிக்கிறதுக்குக் காதா வேணும்?" என்று அவள் கேட்டாள்.

குளிப்பதற்கு வேண்டாம். நாடகத்தைப் பற்றிப் பேசுவதற்கு வேண்டுமே. செவிடன் சொல்லுகிற அபிப்பிராயத்தை எவன் காப்பி வாங்கிக் கொடுத்துக் கேட்பான்?

[இந்த இடத்தில் கிருபைக்கு இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். அவள் ஒரு தாலாட்டைப் பாட, தொம்மை அவள் தொண்டையில் கைவைத்துப் பார்ப்பதாக. எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அதனாலேயே சந்தேகம் வந்து எடுத்துவிட்டேன்.]

எடுக்க முடியாத ஒன்று இருக்கிறது. கம்பெனியில் ராஜா வேஷம் கட்டும் ராஜபார்ட் தாணுலிங்கம் பாட்டில் உச்சத்துக்குப் போகும்போது மட்டும், தொம்மையின் வலது காதுக்குள் நூல் மாதிரி ஒரு சத்தம் நுழைந்தது. திங்கட்கிழமை அது நுழைந்தபோது அவருக்கு உடம்பெல்லாம் ஆடிவிட்டது. பெற்ற மகளின் குரல் எட்டவில்லை, பூசையில் பாட்டு எட்டவில்லை, இவன் குரல் எட்டுகிறது! பாட்டு முடிந்ததும் எழுந்து நின்று "ஒன்ஸ்மோர்!" என்று கத்தினார். தன் சத்தம் தனக்குத் தெரியாதவர் கத்தினால் எப்படி இருக்கும்? கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. தரை டிக்கெட் முழுவதும் கூடச் சேர்ந்துகொண்டது.

அதிலிருந்து தினமும் தொம்மைதான் தொடங்குவார், பின்னால் ஊரே கூவும். ஒன்ஸ்மோர் வந்துவிட்டால் பாடியே தீர வேண்டும். அது கம்பெனிச் சட்டம்.

5

சனிக்கிழமை நாலு ஒன்ஸ்மோர்.

நாலாவது தடவை தாணுலிங்கம் உச்சத்துக்குப் போகுமுன் இடது கையால் சிம்மாசனத்தின் கைப்பிடியைப் பிடித்தார். கொட்டகை 'ஆகா' என்றது. ராஜ்யத்தை இழந்த ராஜா சிம்மாசனத்தை விடமாட்டாமல் பிடிக்கிறாராம்!

தொம்மை மட்டும் அந்தக் கையையே பார்த்தார். அந்தப் பிடி அவருக்குத் தெரியும். அடியில் அதிகம் தங்கிவிட்டு மேலே வருகிறவன் வள்ளத்தின் விளிம்பை அப்படித்தான் பிடிப்பான், கட்டைவிரல் உள்ளே மடங்கியிருக்கும். பிறகு அவர் தோளைப் பார்த்தார். மூச்சு வயிற்றில் இல்லை, தோளில் ஏறியிருந்தது. நாலு நாளாகவே ஏறியிருக்க வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. மந்திரியின் முட்டைப் பார்த்தவர், ராணியின் தோளைப் பார்த்தவர், இவன் பாடும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வலது காதைத் திருப்பிக்கொண்டிருந்திருக்கிறார்.

(என் ஏழாவது நாடகத்து நடிகர் பிடித்திருந்த நாற்காலி உங்களுக்கு நினைவிருக்கும்.)

6

ஞாயிறு காலை சபையில் தொம்மை காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்.

"ராசபார்ட்டுக்கு மூச்சு இல்லவே. இன்னைக்கு யாரும் ஒன்ஸ்மோர் போடாதீங்க."

அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரித்தார். "நேத்து நாலு தடவை கத்துனது யாரு, நானாவே? சிம்மாசனத்தைப் பிடிச்சான் பாரு ஒரு பிடி! அதுல்லா நடிப்பு!"

"நடிப்பு இல்ல அண்ணாச்சி. நான் பாத்திருக்கேன்."

"அப்ப மூச்சில்லாதவன் அந்த மேல் கட்டையில எப்படிவே பாடுவான்? காதுல வாங்குனீரா இல்லையா?"

தொம்மைக்கு அங்கேயே சொல்லிவிட வாய்வரை வந்தது. எனக்குப் பாட்டுக் கேட்காது, அதனால்தான் மூச்சுத் தெரிகிறது என்று. சொன்னால், செவிட்டுப் பயல் பேச்சென்று தள்ளிவிடுவார்கள். சொல்லாவிட்டால், நேற்றுக் கூவியவன் இன்று மாற்றிப் பேசுகிறான் என்று தள்ளுவார்கள். ஆக எப்படிப் பார்த்தாலும் தள்ளத்தான் போகிறார்கள். காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

"ஏன் அத்தான் மூஞ்சி ஒருமாதிரி இருக்கு?" என்று இஞ்ஞாசி கேட்டது அவருக்கு முதுகுப்புறமாக. அதனால் அவருக்குத் தெரியாது.

7

கம்பெனி தங்கியிருந்த வீட்டு வாசலில் ஆர்மோனியக்காரர் சங்கரபாண்டியன் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். ராஜபார்ட்டைப் பார்க்க வேண்டும் என்றார் தொம்மை. அவர் ஏதோ பதில் சொன்னார்.

"வெத்தலையைத் துப்பிட்டுச் சொல்லுங்க. உதடு தெரியல."

சங்கரபாண்டியன் எழுந்து போனார். துப்பிவிட்டு வந்தார். "காது கேக்காதா?"

"கேக்காது." இரண்டு வருஷத்தில் முதல்முறையாக, முன்பின் தெரியாத ஓர் ஆளிடம் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு பெரிய பாரம் எதுவும் இறங்கிவிடவில்லை. "உங்க ராசபார்ட்டுக்கு மூச்சு முட்டுது."

"தெரியும்."

"தெரிஞ்சுமா பாட விடுதீங்க?"

"சுருதியை அரைக் கட்டை எறக்கி வாசிச்சாக்கூடச் சனம் கண்டுபிடிச்சிரும். கட்டை எறங்குன ராசபார்ட்டை எந்தக் கம்பெனி வச்சிருக்கும்?" அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு நினைவு வந்தவராக, உதடு தெரியும்படி நிமிர்ந்தார். "எங்க அக்கா மாப்பிள்ளைதான். அவரு சோத்தைத்தான் நானும் தின்னுதேன்."

தொம்மைக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்கா புருஷன்! "அப்ப கயிறு உங்க கையிலயா இருக்கு?"

கடலுக்கே போகாத மனிதருக்கு அது புரியவில்லை. தொம்மை விளக்கிச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சங்கரபாண்டியன் மெதுவாகத் தலையை ஆட்டினார்.

"எங்கிட்ட இல்ல அண்ணாச்சி. முன்வரிசையில பெரிய தொண்டையா ஒண்ணு தெனமும் கத்துதே, அது நீங்கதானே? நீங்க ஆரம்பிச்சாத்தான் மத்தவங்க ஆரம்பிக்காங்க. இன்னைக்கு ஒருநாள் கத்தாம இருங்க. அப்புறம் ஒரு மாசம் ஓய்வு."

ஒருநாள்தான். ஆனால் அதற்குப் பிறகு கம்பெனி ஊரைவிட்டுப் போய்விடும். வலது காது அடுத்த வருஷம் வரை தாங்குமா என்பது தொம்மைக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், தாங்காது. அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

8

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் சாயங்காலமே தொடங்கிவிட்டது. தண்ணீர் தெளிந்துவிட்டதாகச் செய்தி வந்திருந்தது. விடிந்தால் வள்ளங்கள் போக வேண்டும்.

பாட்டு வந்தது. தொம்மை கண்ணை மூடக்கூடாது என்று நினைத்தார், மூடிவிட்டார். நூல் உள்ளே வந்தது. முன்னைவிட மெல்லியதாக, ஆனால் வந்தது. அவர் அழுதார். அவருடைய தோளும்தான் அழுதது.

பாட்டு முடிந்தது. கண்ணைத் திறந்தால் தாணுலிங்கத்தின் இடது கை சிம்மாசனத்தில் இருந்தது. கட்டைவிரல் மடங்கியிருந்தது.

கொட்டகை தொம்மையின் குரலுக்காகக் காத்திருந்தது.

9

இதற்கு மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதலாவதில் தொம்மை கூவிவிடுகிறார். கடைசியாக ஒரே ஒரு தடவை. இந்த முடிவை எழுதி உடனே அடித்துவிட்டேன். ஏனென்றால் அது நடந்த விஷயம், நான் செய்ததுதான்.

இரண்டாவதில் எழுந்து நின்று "போதும்!" என்று கத்துகிறார். அந்தக் குரலில் 'போதும்' என்று ஒரு ராஜபார்ட்டைப் பார்த்துச் சொன்னால் அதற்கு ஊரில் என்ன அர்த்தம்? பாட்டு சகிக்கவில்லை என்று அர்த்தம். தாணுலிங்கம் அதைத் தாங்கமாட்டார்.

மூன்றாவதில் தொம்மை பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருக்கிறார். ஆனால் பக்கத்தில் இஞ்ஞாசி இருக்கிறான். காலையிலிருந்து அத்தானின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பவன். அத்தான் அழுகிறார், அத்தானுக்கு மறுபடியும் வேண்டும், ஏனோ குரல் எழும்பவில்லை, பத்து வருஷமாகச் சின்ன அசைவுக்கெல்லாம் இழுத்து மேலே கொண்டுவந்தவன் நான், இதை நானல்லவா கேட்டு வாங்கித் தர வேண்டும் என்று அவன் வாயைத் திற

இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. முடித்தால் பாசத்தாலேயே ஒரு மனிதனைக் கொன்றதாகிவிடும். அதனால் திருத்தினேன். தொம்மை, மேடையைப் பார்த்துக்கொண்டே, இஞ்ஞாசியின் கையைத் தேடிப் பிடித்து ஒருதரம் வெட்டி இழுக்கிறார், கடலுக்கடியிலிருந்து இழுப்பதைப் போல. மேலே தூக்கு என்பதற்கு அவர்களிடம் உள்ள ஒரே அடையாளம் அதுதான். யாரைத் தூக்கச் சொல்கிறார் என்று இஞ்ஞாசி மேடையைப் பார்க்கிறான். சிம்மாசனத்தைப் பிடித்த கையைப் பார்க்கிறான். பார்த்ததும் அவனுக்கும் தெரிந்துவிடுகிறது. திறந்த வாயை மூடிக்கொள்கிறான்.

அவ்வளவுதான் என்னால் முடிந்தது. இரண்டு பேரை அடக்கிவிட்டேன். அவர்களுக்குப் பின்னால் தரை டிக்கெட்டில் இன்னும் ஏராளமான பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். நீங்களும் அங்கேதான் இருக்கிறீர்கள். ஒரு தடவை நன்றாகக் கேட்டுவிட்டீர்கள், இன்னும் கொஞ்சம் இருந்தால் தேவலை என்றும் இருக்கும். எனக்கும் இருந்தது.

சங்கரபாண்டியனின் விரல்கள் ஆர்மோனியக் கட்டைகளின் மேல் நிற்கின்றன, இன்னும் அழுத்தவில்லை. ராஜா சிம்மாசனத்தைப் பிடித்துக்கொண்டு உங்களையே பார்க்கிறார்.

இந்தத் தடவை நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.