ராகு காலத்தில் போட்ட கையெழுத்து

நல்ல நேரம் பார்த்தே நாசமாய்ப் போன குடும்பம் என்று கடலூரில் யாரையாவது காட்டச் சொன்னால் தாராளமாக எங்களைக் காட்டலாம்.

செம்மண்டலத்தில் வீடு வாங்க 2006-ல் சிதம்பரத்தில் இருந்த ஒரு வீட்டுக்கடன் கம்பெனிக்குப் போனோம். மனை யோகம் இளமதி ஜாதகத்தில்தான் இருக்கிறது என்று ஜோசியர் சொன்னதால் என் கணவர் ஸ்ரீதர் வீட்டை என் பெயரிலேயே வாங்கினார். அன்று வெள்ளிக்கிழமை. கம்பெனி ஆள் தங்கராசு நெற்றி நிறைய விபூதியோடு இருந்தான். காலையிலிருந்து எங்களைச் சும்மா உட்காரவைத்துவிட்டு, பத்தேகாலுக்கு ஒரு கட்டுக் காகிதத்தைக் கொண்டுவந்து வைத்தான்.

"பத்தரைக்கு ராகு காலம் பொறந்துடும்க்கா. அதுக்குள்ள போட்டுடுங்க. வட்டி கடைசி வரைக்கும் ஏறாது."

எவ்வளவு நல்ல பிள்ளை என்று நினைத்தோம். கொண்டுபோயிருந்த மஞ்சளைக் காகிதத்தின் நான்கு மூலையிலும் தடவினேன். படிக்க வேண்டிய நேரத்தில் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தேன். என் கணவர் பக்கத்தைப் புரட்டப் புரட்ட நான் கையெழுத்துப் போட்டேன். ராகு காலத்துக்கு முன்னால் முடித்துவிட்டோம் என்று இருவருக்கும் அப்படி ஒரு சந்தோஷம்.

இரண்டு வருடத்தில் தவணை ஒன்றரை மடங்கானது. கேட்கப் போனால் அதே காகிதத்தைக் காட்டினார்கள். கம்பெனி நினைத்தால் எப்போது வேண்டுமானாலும் வட்டியை ஏற்றலாம், எங்களிடம் சொல்லக்கூட வேண்டியதில்லை என்று பொடி எழுத்தில் இருந்தது. தங்கராசு வேலையை விட்டுப் போய்விட்டானாம். தவணை நின்றது, நோட்டீஸ் வந்தது. ஆட்சேபம் எழுதி அனுப்பினேன், பதிலே இல்லை. 2010 ஆடியில், வீட்டைக் கம்பெனி எடுத்துக்கொண்டது என்று வாசல் கதவிலேயே நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். பூட்டுப் போட வருவதுதான் பாக்கி.

வக்கீல் தட்சிணாமூர்த்தியிடம் ஓடினோம். சென்னைக் கடன் தீர்ப்பாயத்தில், நோட்டீஸ் ஒட்டிய நாற்பத்தைந்து நாளுக்குள் மனுப் போட வேண்டும் என்றார். "ஆடியில கேஸ் ஆரம்பிச்சா வெளங்குமா?" என்று என் கணவர் தள்ளிப்போட்டார். ஆவணி பிறந்து, ஃபீஸுக்கு என் தோட்டை அடகு வைப்பதற்குள் கடைசி நாள் வந்து நின்றது. அதுவும் வெள்ளிக்கிழமை.

அன்று காலை வக்கீல் ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. அது வந்து, மனு பிரிண்ட் ஆகி என் முன்னால் வரும்போது மணி பத்து முப்பத்தைந்து.

"பன்னண்டு வரைக்கும் பொறுத்துக்கலாமா சார்?" என்றார் என் கணவர். கையில் மஞ்சள் பொட்டலம் வைத்திருந்தார்.

"பன்னண்டுக்குப் பஸ் ஏறுனா நான் போறதுக்குள்ள அங்க மூடிடுவாங்க. அவுங்க இஷ்டத்துக்கு வட்டி ஏத்துனத நாம கேள்வி கேக்கலாம். ஆட்சேபத்துக்குப் பதில் குடுக்காதது அவுங்க தப்பு. இன்னிக்கி விட்டா இதெல்லாம் சொல்ல எடம் கெடையாது," என்றார் வக்கீல். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார்.

"ஒன்ற மணி நேரந்தான மதி. வூடு போயிடுமோன்னு பயமா இருக்குடி."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. எனக்கு மட்டும் பயம் இல்லையா?

"நல்ல நேரத்துல போட்டதுதாங்க நம்மள இங்க கொண்டாந்து நிறுத்தியிருக்கு," என்றேன். மனுவைக் கடைசி வரி வரை படித்தேன். புரியாத இரண்டு இடத்தை வக்கீலிடம் கேட்டேன். பிறகு கையெழுத்துப் போட்டேன். என் கணவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஐந்து மணிக்கு வக்கீல் போன் செய்தார். "மனுவ வாங்கிட்டாங்கம்மா. தடை உத்தரவு கெடைக்குமான்னு திங்கக்கெழமதான் தெரியும். அதுக்குள்ள பூட்ட வந்தா எனக்குச் சொல்லுங்க."

அதற்குள் வந்தால் யார் தடுப்பது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவேன்.

வெள்ளிக்கிழமையாயிற்றே, வாசல்படிக்கு மஞ்சள் தடவ வேண்டும். அவர் சட்டைப்பையிலிருந்து பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போய் அந்த நோட்டீஸுக்குக் கீழே உட்கார்ந்தேன். அவரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அடுத்த வெள்ளிக்கெழமயும் நாம இங்க இருந்து தடவுவோமா மதி?" என்றார். நான் அடுத்த வாரத்துக்கென்று மிச்சம் வைக்காமல், பொட்டலத்து மஞ்சள் முழுவதையும் குழைத்து அன்றைக்கே தடவிவிட்டேன்.