முடிச்சு குடலின் மேல்

கணையம் வெண்ணெய்க் கட்டி மாதிரி. புற்று வந்த பகுதியை வெட்டி எடுத்தபின் மிச்சத்தைக் குடலோடு சேர்த்துத் தைக்க வேண்டும். நூலைக் கொஞ்சம் இறுக்கினாலும் சதை கிழியும். கிழிந்தால் செரிமான நீர் கசிந்து உள்ளுக்குள்ளேயே அரிக்கும். கைதேர்ந்தவர்களே கோட்டை விடும் இடம் அது. அவள் நூலைக் கணையத்தின் ஊடே கொண்டுபோய், முடிச்சை மட்டும் குடலின் மேல் போட்டாள். அதற்கப்புறம் அவள் தைத்த வயிறுகளில் கசிவு அபூர்வம்.

அவள் அப்படித் தைத்தபோது எடுத்த வீடியோவைத்தான் இப்போது மாநாட்டு மேடையில் அவள் கணவன் காட்டிக்கொண்டிருந்தான். அவனும் அறுவை மருத்துவன்தான். "மேடைன்னாலே உனக்கு உதறல். நான் பேசறேன், பேரு ரெண்டு பேரோடதும் வரும்" என்று வாய் நிறையச் சொல்லியிருந்தான். திரையில் அவன் பெயர் மட்டுமே இருந்தது.

அப்புறம்தான் கவனித்தாள், திரையில் ஊசியை ஓட்டியது வலது கை. அவளோ இடதுகைக்காரி. கல்லூரிக் காலத்தில் 'நொட்டாங்கை' என்று செல்லமாகக் கூப்பிட்டுச் சுற்றிச் சுற்றி வந்தவனே இவன்தான். அந்தக் கையை மறைக்கப் படத்தையே இடவலமாகத் திருப்பிப் போட்டிருக்கிறான், படுபாவி.

பின்வரிசை மருத்துவர் ஒருவர் எழுந்தார். "தையல் பிரமாதம் டாக்டர். ஆனா உங்க நோயாளிக்குக் கல்லீரல் இடது பக்கமா இருக்கே?"

அரங்கம் கொல்லென்று சிரித்தது. அவன் முகத்தில் ஈயாடவில்லை. அவன் கண்கள் கூட்டத்தில் அவளைத் தேடின. இப்போதாவது உண்மையைச் சொல்லிவிடுவான் என்று பாழாய்ப்போன மனசு நம்பியது.

"வீடியோவை வெட்டி ஒட்டினது எங்க வீட்டம்மா" என்றான் சிரித்துச் சமாளித்தபடி. "அவளுக்கு எப்பவுமே இடது வலது குழப்பம்."

மறுபடியும் சிரிப்பு. திருடியதையாவது வீட்டுக்குப் போய்க் கேட்டிருப்பாள். இதை எப்படிப் பொறுப்பாள்? எழுந்து மைக்கைக் கேட்டு வாங்கினாள்.

"படத்தை நேராத் திருப்பிப் போடுங்க" என்றாள். குரல் நடுங்கியது, நடுங்கினால் நடுங்கட்டும். "கல்லீரல் அதோட இடத்துக்கு வந்துடும். தைக்கிறது யார் கைன்னும் தெரிஞ்சிடும்."

மைக்கைப் பிடித்திருந்தது இடது கை. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.