இடியப்ப மெசினும் இரண்டு சத்தியக்கடதாசிகளும்

"உம்மா, நீங்களும் உண்மைதான் சொல்றீங்க, அங்கிளும் உண்மைதான் சொல்றார். பிறகு ஏன் சண்டை?"

ஜினான் ஏழு வயதில் கேட்ட கேள்வி இது. மா மூட்டை நனைந்திருக்கிறது என்றாள் அவளுடைய தாய் ஸபீரா. காய்ந்த மூட்டையைத்தான் இறக்கினேன் என்றார் மா வியாபாரி செல்வரட்ணம். கூரை ஒழுகியதை இருவருமே கவனிக்கவில்லை. கேள்வியைக் கேட்டதும் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. செல்வரட்ணம் கொடுத்த டைனோசர் ஸ்டிக்கரை ஜினான் இடியப்ப மெசினின் வயிற்றில் ஒட்டினாள்.

இப்போது அவள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். புலம்பெயர்ந்து வந்த ரெக்ஸ்டேலில் ஸபீராவின் இடியப்பக் கடையோ கடனில் மூழ்கிவிட்டது. கடன்காரரோடு ஓர் ஏற்பாட்டுக்கு வரும்வரை கடையில் யாரும் கைவைக்க முடியாதபடி சட்டம் பாதுகாப்புத் தந்திருந்தது. அந்த அவகாசத்தை நீட்டும்படி அவள் நீதிமன்றத்தைக் கேட்டாள். மறுத்தால் அன்றே வங்குரோத்து, அதாவது திவால். நேர்மையாக நடப்பவருக்குத்தான் நீட்டிப்பார்கள்.

பெரிய கடன்காரர் செல்வரட்ணம்தான். 'மெசினை வான் வண்டியில் ஏற்றியதைக் கண்டேன், சொத்தை ஒளிக்கிறா' என்று அவர் நீதிமன்றத்துக்குச் சத்தியக்கடதாசி கொடுத்தார். 'கோயிலுக்கு இரவல் கொடுத்தேன்' என்று ஸபீரா கொடுத்தாள். கோயில் அலுவலகமோ, அப்படி எதையும் நாங்கள் வாங்கவில்லை என்றது.

இணையவழி விசாரணையில் நீதிபதி கணினித் திரையில் கண்ணாடியைக் கழற்றினார். கடதாசியை மட்டும் பார்த்து யாரை நம்புவது? திங்கட்கிழமை சாட்சிகளோடு வாருங்கள், அதுவரை கடை திறந்திருக்கட்டும் என்றார்.

"யார் கையில குடுத்தீங்கக்கா? பேரைச் சொல்லுங்க, முடிஞ்சுது" என்றாள் ஸபீராவின் வழக்கறிஞர் நிவேதிதா. அவள் திருச்சிக்காரி.

"சொல்ல ஏலாது பிள்ளை. அவ கோயில் கொமிற்றியைக் கேக்காம வாங்கினவ. அவையின்ர மெசின் பழுது, அன்னதானத்துக்குச் சனமோ கூடிட்டுது. பேர் வெளிய வந்தா சமைக்கிற குசினிக்குள்ள விடமாட்டினம்."

"கடை போயிடும்க்கா!"

"அவவுக்கு அந்தக் குசினிதான் உலகம். என்ர கடைக்காக அதைப் பறிக்கவோ?"

நிவேதிதா நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

ஆண்டவன் ஒவ்வொருவர் கண்ணையும் ஒவ்வொரு வழியில் திறப்பான். செல்வரட்ணத்துக்கு இடியப்பத்தால் திறந்தான்.

அந்த வெள்ளிக்கிழமை கோயில் அன்னதானத்தில் இரண்டாம் தட்டோடு எழுந்து சமையல்காரியிடம் போனார். "என்ன யோகராணி, இந்தக் கிழமையும் பஞ்சு மாதிரி இருக்கு?"

"மெசின் அப்பிடி, அண்ணை. வந்து பாருங்கோவன்."

சமையலறையில் டைனோசர் அவரைப் பார்த்துப் பல்லைக் காட்டியது.

"உது... ஸபீராட எல்லோ?"

"ஓம், இரவல். கொமிற்றிக்குச் சொல்லிப்போடாதேங்கோ, என்னைத் திண்டுபோடுவினம்!"

அவர் தட்டை வைத்துவிட்டுத் தன் வழக்கறிஞரைத் தேடிப் போனார்.

"சும்மா இருங்கோ அங்கிள், நாங்கள் வெல்லுறம்" என்றான் அவருடைய வழக்கறிஞர் யூட்சன்.

"மூண்டு வெள்ளியா அந்த மெசின்ர இடியப்பத்தைத் திண்டிருக்கிறன் தம்பி. வயிறே சாட்சி சொல்லுது. எழுதும்."

'ஏற்றியதைக் கண்டேன். ஒளித்ததைக் காணவில்லை, நானாக நினைத்துக்கொண்டேன். மெசின் கோயில் சமையலறையில் இருக்கிறது' என்று புதிய சத்தியக்கடதாசி போனது. யோகராணியின் பெயர் அதில் இல்லை. திங்கட்கிழமை நீதிபதி அவகாசத்தை நீட்டினார். திரையில் ஸபீரா நெஞ்சில் கைவைத்துக் கண்ணை மூடுவதைச் செல்வரட்ணம் பார்த்தார்.

கடையின் கடனை இனிக் கடை அடைக்கும். ஒரு நல்ல மனுசியைக் கள்ளி என்று சத்தியம் பண்ணிய கடன் அவருடையது.

பின்னேரம் யோகராணியிடம் சமையலறைக் கதவின் திறப்பை வாங்கி, அவளை வீட்டுக்கு அனுப்பினார். சட்டைக் கையை மடித்துவிட்டு, அச்சின் ஒவ்வொரு துளையிலும் காய்ந்திருந்த மாவைப் பல்குச்சியால் எடுத்தார். மெசினின் காலில் ஆடிக்கொண்டிருந்த சில்லைக் கழற்றிப் புதிதாக ஒன்றைப் பூட்டினார். டைனோசரின் உரிந்த வாலைப் பசை தடவி ஒட்டினார்.

பிறகு ஸபீராவின் கடைக்குக் கொண்டுபோக மெசினை வானில் ஏற்றினார். இந்த முறை அதை யாரும் காணவில்லை.