பாதி புக்கு படிச்சிட்டு எழுதின விமர்சனம்

போன வாரம் இந்த பிளாக்ல நான் போட்ட விமர்சனத்தால, முத்தியால்பேட்டையில ஒரு வீட்டுக் கதவு எனக்கு சாத்திக்கிச்சி. அதச் சொல்லிடுறேன்.

எதிர் வீட்டு எலிஸபெத் அக்காவுக்கு பாரீஸ்லேருந்து மகன் ஃபாபிரிஸ் இங்கிலீஷ் நாவலா அனுப்புவான். மாதா கோயில் பாட்டுக்குழுவுல அக்காதான் முன்னாடி நிப்பாங்க, அதனால பக்தி நாவல்தான் புடிக்கும். ஒரு பொண்ணு, அவளக் கொல்லப் பாக்குற ஒருத்தன், காப்பாத்துற ஒருத்தன், காதல், நடுநடுவுல ஜெபம். நான் மாரியம்மன் கோயிலுக்குப் போறவ. ஆனா அந்தப் பொண்ணுக்கு ஆபத்துன்னா நானும் சேந்து ஜெபம் பண்ணிருவேன்.

புக்கு ஒண்ணு, ஆளு ரெண்டு. அதனால அக்கா கத்திய எடுத்து புக்க நடுவுல ரெண்டா அறுத்துருவாங்க. முன்பாதிய முடிச்சி எனக்குக் குடுத்துட்டு பின்பாதிய எடுப்பாங்க.

இந்தத் தடவ எனக்குப் பொறுக்கல. பின்பாதி கைக்கு வரதுக்குள்ள எழுதிட்டேன்: கொலகாரன் அந்தப் பொண்ணுகூடவே சுத்துற தாடிக்காரன்தான், பட்டாளத்துல என்ன பண்ணான்னு கேட்டா வாயத் தெறக்க மாட்டேங்குறான், கண்ண மூடி ஜெபம் பண்ணிட்டு சாப்ட்டா நல்லவனாயிடுவானா, பொண்ணே இவன நம்பாத.

ஃபாபிரிஸ் அத போன்ல அம்மாவுக்குப் படிச்சிக் காட்டிட்டான். அக்கா பேச்ச நிறுத்திட்டாங்க. அந்தப் பதிவ எடுத்தாதான் பின்பாதின்னு சொல்லி அனுப்புனாங்க. முழுசா படிக்காம எப்பிடி எடுக்கிறதுன்னு நானும் வீம்பா இருந்தேன்.

பெரிய மார்க்கெட்டுல மீன்கார அஞ்சலாட்சி முன்னாடி ரெண்டு பேரும் மாட்டிக்கிட்டோம். அக்கா என்னப் பாக்காம அவகிட்ட பேசுனாங்க.

"தாடி வெச்சா கொலகாரனா, நீயே சொல்லு. எங்க வீட்டுக்காரரும் பிரெஞ்சு பட்டாளந்தான். திரும்பி வந்து அதப் பத்தி ஒரு வார்த்த பேசல. ஜெபம் பண்ணாம ஒரு வாய் சாப்புடல."

அஞ்சலாட்சி சங்கரா மீனுக்கு செதில் எடுத்துக்கிட்டே, "எனக்கு எந்தத் தாடிக்காரனையும் தெரியாதும்மா, என்ன சாட்சிக்கு இழுக்காதீங்க"ன்னா.

எனக்கு சுருக்குன்னுச்சி. அக்கா வீட்டுக்காரரு, செத்துப்போன க்சாவியே அண்ணன், ஹால் ஃபோட்டோவுல தாடியோடதான் இருக்காரு. அதுக்குக் கீழதான் நான் தெனம் உக்காந்து காபி குடிப்பேன்.

சாயங்காலம் போயி, எடுத்துடுறேன்க்கா, புக்கு கூட வேணாம்னேன். அக்கா பின்பாதிய நீட்டுனாங்க. நடுவுல, படிச்சி நிறுத்துன எடத்துல, கொண்ட ஊசி சொருகியிருந்துச்சி.

"இன்னும் முடிக்கலியா?"

"நீ எழுதுனதுக்கப்பறம் பயமா இருக்கு செல்வா. அவன் நெஜமாவே கெட்டவனா இருந்துட்டான்னா?"

அங்கியே உக்காந்து நான் சத்தமா படிச்சேன். தாடிக்காரன் தோள்ல குண்டு வாங்கிக்கிட்டு பொண்ணக் காப்பாத்திட்டான். அக்கா ஃபோட்டோவப் பாத்து தலையாட்டுனாங்க. அடுத்த பக்கத்துல கொலகாரி மாட்டுனா. சர்ச்சுல பாட்டுக்குழுவுக்கு முன்னாடி நின்னு பாடுற அம்மா.

அக்கா புக்க எங்கிட்டேருந்து வாங்கி மூடுனாங்க. அப்பறம் எத்தன ஸ்டாரு போடப்போறன்னு கேட்டாங்க. நாலுன்னேன்.

"ஒண்ணு கொறச்சிடு. எழுதுன ஆளுக்குப் பாடுறவங்களப் பத்தி ஒண்ணும் தெரியல."

பழைய பதிவ எடுத்துட்டேன். கொலகாரி யாருன்னு சொல்லிட்டதால புக்கு பேர இங்க போடல. மூணு ஸ்டாரு.