தன் மனுவைத் தானே எதிர்த்தவர்

1

இந்தக் கதை எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கிடைத்தது. மர பெஞ்சாகவும் இருக்கலாம், சரியாக நினைவில்லை. என் மனைவி நகரமைப்பு அலுவலர். அன்று வீட்டுச் சாவி அவளிடம் இருந்ததால், அவள் நடத்திய கருத்துக்கேட்புக் கூட்டத்தின் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். பேசாமல் உட்கார்ந்திருப்பது எனக்குக் கைவந்த கலை.

[இதைப் படித்துவிட்டு, "அன்னிக்கு நீங்க தூங்கிட்டு இருந்தீங்க" என்கிறாள். கண்ணை மூடியிருந்தேன், உண்மை. காது திறந்துதான் இருந்தது.]

2

எழுதிக் கைவிட்ட தொடக்கங்கள்:

ஊர் வளர்ந்து வளர்ந்து கோழிப்பண்ணையின் வேலிவரை வந்துவிட்டிருந்தது, ஒரு— (ஒரு என்ன? உவமை வரவில்லை.)

கோழிப்பண்ணைக்காரர் உறக்கம் வராமல் புரண்டு— (நான் என்ன, அவர் கட்டிலுக்கடியிலா இருந்தேன்?)

நேராகவே சொல்லிவிடுகிறேன். கோழிப்பண்ணைக்காரரின் நிலம் ஊர் வரைபடத்தில் பச்சை நிறம், அதாவது விவசாய மண்டலம். மகள் அதை மனைகளாகப் பிரித்து விற்கச் சொன்னாள். கொட்டகையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைப் பிரிக்க அவரும் சம்மதித்தார். அதற்கு நிலம் மஞ்சளாக, குடியிருப்பு மண்டலமாக, மாற வேண்டும். மனுப் போட்டார். போடும்போது, மனுவோடு வைக்கும் மனைப் படத்தை வரைபவரிடம், "அதுல கொட்டகை தெரிய வேணாம்" என்று சொல்லிவிட்டார். படத்திலிருந்து கொட்டகை அழிந்தது. மனை கேட்டு ஆட்கள் வந்தார்கள்.

பிறகு அறிவிப்பு ஒட்டினார்கள். நிலம் முழுவதும் ஒரே மஞ்சள். மஞ்சளில் கோழி வளர்க்கக் கூடாது.

[மகளை முதலில் பேராசைக்காரியாக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. கொட்டகைத் தூசியில் அப்பா இருமுவதைக் கேட்டே வளர்ந்தவள் அவள். கொட்டகையும் போனால் நல்லது என்றுதான் நினைத்திருப்பாள்.]

3

"மனுதாரர் யாரு?" என்று என் மனைவி கேட்டாள்.

கோழிப்பண்ணைக்காரர் எழுந்தார். "நான்தாம்மா."

"ஆட்சேபணை கொடுத்தவர்?"

உட்காரப் போனவர் மறுபடி நிமிர்ந்தார். "அதுவும் நான்தாம்மா."

கூடத்தில் சிரிப்பு.

"என்ன ஆட்சேபணை ஐயா?"

"கொட்டகையை விட்டுட்டு மத்ததை மஞ்சளாக்குங்க."

"படத்துல கொட்டகையே இல்லையே?"

"எடுக்கச் சொன்னதே நான்தான். கோழி இருக்குன்னு தெரிஞ்சா எவன் வாங்குவான்?"

அந்த எவன்கள் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடி போட்ட ஒருவர் எழுந்தார். "அப்ப அந்த நாத்தம்? வாய்க்கால்ல இருந்து வருது, ஒரு மழை பெஞ்சா போயிரும்னீங்களே?"

"மழை பெஞ்சா இன்னும் கூடும் சார்" என்றார் இவர், அவரிடம் முதல் தடவையாக உண்மையாக.

மகள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, உக்காருங்க. மானம் போகுது."

"இரும்மா. காலைல எந்திரிச்சா நான் எங்க போறதுன்னு இந்தம்மா மேப்புல காட்டட்டும்."

"பார்க்குக்குப் போங்க. அதான் மனைப் படத்துல அதுக்கு இடம் விட்டிருக்கே."

"அந்த மூணு மூலைத் துண்டா? ஒரு கோழி படுக்கக் காணாது!"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், சிரிப்பு இருமலாகி, நிற்காமல் நீண்டது. மகள் அவர் முதுகைத் தடவினாள். அதன்பின் யாரும் சிரிக்கவில்லை.

(இங்கே ஒரு பக்கம் வெறுமையாக விட எனக்கு ஆசை. காகிதம் வீணாகும் என்பார்கள்.)

"நாளைக்கு நேர்ல வந்து பார்க்கிறேன்" என்றாள் என் மனைவி.

4

முடிவு, முதல் வகை: கொட்டகை தப்புகிறது, மனை கேட்டவர்கள் ஓடிவிடுகிறார்கள். இரண்டாம் வகை: கொட்டகை போகிறது, அவர் மூணு மூலைப் பூங்காவில் தனியாக உட்கார்ந்து— (உங்களை அழவைக்கப் பார்த்தேன். மன்னியுங்கள்.)

மனைவியிடம் இரண்டையும் படித்துக் காட்டினேன்.

"ரெண்டும் நடக்கலை. நிலம் மஞ்சளாச்சு, ஆனா மண்டலம் மாறுறதுக்கு முன்னாடியே இருந்த கொட்டகை அப்படியே இருக்கலாம். பெருசாக்கக் கூடாது. ஒரு தடவை மூடினா மறுபடி திறக்கவும் கூடாது. அதைத்தான் எழுதிக் கொடுத்தேன்."

"அப்ப ஜெயிச்சது அப்பாவா, மகளா?"

"கதை எழுதுறவர் நீங்கதானே, நீங்களே சொல்லுங்க."

எனக்குத் தெரியவில்லை. கொட்டகையை இனி அவரைத் தவிர வேறு யாராலும் மூட முடியாது. இருமும் மனிதருக்கு அது வரமா, தண்டனையா? அதை உங்களிடம் விடுகிறேன். நடந்ததை மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

கண்ணாடிக்காரர் வேறு பக்கம் மனை வாங்கிக்கொண்டார். மற்றவர்களில் பாதிப் பேர் வீடு கட்டிவிட்டார்கள். என் மனைவி மாற்றலாகி வேறு அலுவலகத்தில் வேறு ஊரின் படத்துக்கு வண்ணம் பார்க்கிறாள். கோழிப்பண்ணைக்காரர் ஒருநாள்கூடக் கொட்டகையைத் திறக்காமல் இருந்ததில்லை. இருமல் அப்படியே இருக்கிறது. கொட்டகையை ஒட்டிய மனையை யாரும் வாங்கவில்லை. அதில் மகள் வீடு கட்டிக் குடிவந்துவிட்டாள். கொட்டகைப் பக்கச் சுவரில் ஜன்னல் கிடையாது. ஒரு கதவு மட்டும் வைத்திருக்கிறாள்.